பீடத்துக்கு இந்தப் பக்கம்

1994இல் நான் ஒன்பதாம் வகுப்பு. தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலை எங்களுக்குப் பூசை உண்டு. அதற்கு முந்தின நாள் மாலையே வேலை தொடங்கிவிடும். பீடத்துணிகளைக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவோம். மெழுகுத்திரித் தண்டுகளில் வழிந்து உறைந்த மெழுகைச் சுரண்டுவோம். பூச்சாடிகளுக்குத் தண்ணீர் மாற்றுவோம். சக்ரீஸ்துப் பொறுப்பிலிருந்த சிஸ்டர் ஓஸ்திகளை எண்ணி வைப்பார். வாசகம் வாசிப்பவர், மன்றாட்டுச் சொல்பவர், பாட்டுக்குழு, ஆர்மோனியம் எல்லாம் பெண்கள்தாம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஃபாதருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து ஒரு பையன் வருவான். பக்கத்து ஆண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவன்தான் பீடச் சிறுவன். எழுந்தேற்றத்தின்போது மணி அடிக்க வேண்டும் என்பது அவனுக்குப் பாதி நாள் நினைவிருக்காது. அப்போதெல்லாம் கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருக்கும் சக்ரீஸ்து சிஸ்டர் லேசாக இருமுவார். பையன் திடுக்கிட்டு மணியை எடுப்பான்.

"இவ்வளவு பிள்ளைங்க இருக்கோமே, மணி அடிக்க எங்கள்ல ஒருத்தி போதாதா சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பீடத்துக்கு அந்தப் பக்கம் பொம்பளப் பிள்ளைங்க போகக் கூடாதும்மா."

"ஏன் சிஸ்டர்?"

"நீ பூவை வை."

போன ஆண்டு அந்தப் பள்ளியின் விழா மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். பள்ளி எனக்குத் தந்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மலரில் இடம்பெற முடியாதவை சில என்னிடம் மீந்துவிட்டன. இந்தக் கட்டுரை அவற்றுக்கானது.

கன்னியர் மடத்துப் பள்ளி என்றதும் ஆங்கிலம், வெள்ளைக் காலுறை, ஒழுக்கம் என்றே பேசப்பழகியிருக்கிறோம். தமிழ்நிலத்தில் அதன் வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. 1844இல் புதுச்சேரியில் ஆயர் பொனான் கூட்டிய திருச்சபைப் பேரவை பெண்பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும் என்று பேசியது. அதே ஆண்டு அக்டோபரில் துப்புயி என்னும் பிரெஞ்சு மறைப்பணியாளர், தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதய சபை என்று இன்று அறியப்படுவது அதுதான். தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குத் தமிழில் கற்பிப்பது அவர்களுடைய வேலை. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்றால் கோயில் தாசி என்று நினைத்த காலம் அது. குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட தெருக்களில் அந்தச் சகோதரிகள் பிள்ளைகளைத் தேடி நடந்திருக்கிறார்கள்.

தமிழ்த்துறைக்காரர்களுக்குத் துப்புயியின் பெயர் வேறு வகையில் தெரியும். மூசே அடிகளாருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய தமிழ்–பிரெஞ்சு அகராதியை முனைவர் பட்ட ஆய்வின்போது நான் பலமுறை புரட்டியிருக்கிறேன். வீரமாமுனிவரின் 'தேம்பாவணி' முதன்முதலாக 1851 முதல் 1853 வரை அச்சேறியதும் புதுச்சேரி மறைமாவட்ட அச்சகத்தில்தான். அகராதியைச் சொல்லும் தமிழ் இலக்கிய வரலாறுகள், அதே மனிதர் தொடங்கிய பெண்பள்ளிகளைச் சொல்வதில்லை. அங்கே முதலில் கற்பித்த பெண்களைத் தேட எனக்கும் வெகுநாள் தோன்றவில்லை.

அந்தக் கல்வியின் நோக்கத்தைப் பூசி மெழுகத் தேவையில்லை. நல்ல கிறிஸ்தவத் தாய்மார்களை உருவாக்குவதே குருக்களின் எண்ணம். செபம், தையல், கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. ஆனால் பெண்கள் அதைக் கொண்டுபோய் வைத்த இடம் வேறாக இருந்திருக்கிறது. திருச்சியில் அன்னம்மாள் என்ற கைம்பெண் 1858இல் மற்றக் கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய வாழ்வு, புனித அன்னாள் சபையாக வளர்ந்தது. மூலையில் உட்கார்த்திவைக்கப்பட்ட பெண்கள் ஒன்றாக வாழவும் வேலை செய்யவும் மதம் ஒரு காரணத்தைக் கொடுத்தது. வீட்டாரிடம் கேட்டால் கிடைக்காத அனுமதி, சாமி பெயரைச் சொன்னால் கிடைத்தது.

சென்னையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. அயர்லாந்திலிருந்து பிரசென்டேஷன் சகோதரிகள் 1842இல் அங்கே வந்தார்கள். அவர்களுடைய எழும்பூர்ப் பள்ளியில் பிற்காலத்தில் ஒரு பிராமணச் சிறுமி படித்தாள். குழந்தையிலேயே மணமாகிக் கணவனை இழந்தவள். 1911இல் பட்டம் பெற்று, இளம் கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கி, 'சகோதரி' சுப்புலட்சுமி என்று அறியப்பட்டவர் அவர். கல்யாணம், பிள்ளைகள் என்பதற்கு வெளியிலும் ஒரு பெண் வேலையோடும் மரியாதையோடும் வாழலாம் என்பதை அவர் தம் ஆசிரியைகளான கன்னியரிடம் கண்ணால் பார்த்தார். அவர் மதம் மாறவில்லை. அந்த வாழ்க்கையின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

எங்கள் சிறுநகரத்துப் பள்ளியிலும் இதுவே நடந்தது. அம்மா, அத்தை, பெரியம்மா என்று யாரைப் பார்த்தாலும் ஒருவருடைய மனைவியாக இருந்தார்கள். யாருடைய மனைவியாகவும் இல்லாமல் சாவிக்கொத்தோடு நடந்தவர்களை நான் முதலில் பார்த்தது பள்ளியில்தான். மதர் கட்டடக் கொத்தனாரோடு சிமென்ட் விலைக்கு வாதாடுவார். பி.டி. சிஸ்டர் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவார்.

புதன்கிழமை மாலைகளில் மரியாயின் சேனை கூடும். 1921இல் டப்ளினில் தொடங்கிய இயக்கம் அது. தொடங்கியவர் பிராங்க் டஃப் என்ற ஆண்தான். ஆனால் முதல் கூட்டத்திற்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். முதல் தலைவரும் பெண்ணே. இதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. மாதா சுரூபத்துக்கு முன்னால் செபமாலை சொல்லி முடித்ததும் செயலர் போன வார அறிக்கையை வாசிப்பாள். ஒவ்வொருத்தியும் எழுந்து, தான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தாள், எந்தக் கிழவிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள் என்பதெல்லாம் பதிவாகும். பிறகு இரகசியப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பத்துப் பைசா போட்டவளும் ஐந்து ரூபாய் போட்டவளும் ஒரே முகத்தோடு பையை அடுத்தவளிடம் தள்ளுவார்கள்.

இரண்டு ஆண்டுகள் நான் செயலராக இருந்தேன். கூட்டம் நடத்துவது, முறை வைத்துப் பேசுவது, பேசியதைத் திரிக்காமல் எழுதுவது, கணக்கை ஒப்படைப்பது எல்லாம் அங்கே பழகியவை. பின்னாளில் ஆசிரியர் சங்கத்தில் நான் குறிப்பெடுப்பதைப் பார்த்து, "எங்கேம்மா படிச்சீங்க இதை?" என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். மாதா சபையில் என்றேன். சிரித்தார். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்.

ஆண்டு விழாவுக்கு ஒருமுறை 'ஞானசௌந்தரி' போட்டோம். சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்ட இளவரசிக்கு மாதா கைகளைத் திருப்பித் தருகிற கதை. ஐரோப்பாவிலிருந்து வந்து அம்மானையாகவும் நாடகமாகவும் தமிழாகி, 1948இல் இரண்டு திரைப்படங்களாகவும் வெளிவந்தது. எங்கள் பள்ளியில் ராஜாவும் பெண்தான், கொலையாளியும் பெண்தான். எனக்கு மந்திரி வேஷம். கரியால் மீசை வரைந்து, இடுப்பில் கைவைத்து, காலை அகட்டி நிற்கச் சொன்னார் சிஸ்டர். "குரலை அடிவயித்துலருந்து எடு, கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்." அப்படி நிற்கலாம், அவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நாடகம் முடிந்ததும் மீசையை அழித்துவிட்டுத் தாவணியைச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னவரும் அதே சிஸ்டர்தான்.

பத்தாம் வகுப்பில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் சேர்ந்தேன். பெல்ஜியத்துக் குரு கார்டைன் உழைக்கும் இளைஞர்களிடையே வளர்த்த முறை அதற்கு அடிப்படை. பார், சீர்தூக்கு, செயல்படு. சனிக்கிழமைகளில் பள்ளிக்குப் பின்னால் இருந்த பீடித் தெருவுக்குப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுப்போம். அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே அக்காமார் 'ப' எழுதிப் பார்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை ஒரு அக்கா சிலேட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கணக்குப் புத்தகத்தை நீட்டினார். "எழுத்து கிடக்கட்டும் பாப்பா. இதுல என்ன போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்லு." வாரம் வாரம் அவர் கொடுத்த பீடிகளில் ஒரு பங்கைச் சரியில்லை என்று கழித்திருந்தார்கள். கழித்த பீடியைத் திருப்பித் தரவும் இல்லை. தெரு முழுக்க இதே கதை. நாங்கள் பதினாறு வீட்டுப் புத்தகங்களைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினோம். பார்த்தாயிற்று. உட்கார்ந்து பேசினோம், சீர்தூக்கியாயிற்று. செயல்பட, கலெக்டருக்கு ஒரு மனு எழுதினோம்.

மனு மதரின் மேசையைத் தாண்டவில்லை. பீடிக் கடை முதலாளி கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயக்காரர். "அவங்களுக்காக ஒரு செபமாலை ஒப்புக்கொடுங்க" என்றார் மதர். அடுத்த சனிக்கிழமையிலிருந்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது என்பதை நான் கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். அந்த அக்காவிடம் அதைச் சொல்ல நான் திரும்பிப் போகவில்லை. மதரைக் குறை சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

நான் பார்க்கத் தவறிய இன்னொன்றும் உண்டு. அது பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. பீடத்துக்குப் பூ வைத்த, துணி இஸ்திரி போட்ட பிள்ளைகள் என்னைப் போல ஊருக்குள்ளிருந்து வந்தவர்கள். போர்டிங்கில் இலவசமாகத் தங்கிய பிள்ளைகள் முற்றம் கூட்டினார்கள், கழிவறை கழுவினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். 'வேலைப் பங்கீடு' என்று பலகையில் எழுதியிருக்கும். பங்கீடு மாறியதே இல்லை. எனக்கு அது ஒருநாளும் உறுத்தவில்லை.

அவர்களில் ஒருத்தி என் தோழி. பதினொன்றாம் வகுப்பில் உதவித்தொகைப் படிவம் வந்தபோது அவள் அதை வாங்காமலேயே நகர்ந்துவிட்டாள். அதே தெருவில் பிறந்த அவளுடைய சித்தப்பா மகளுக்குத் தொகை வந்தது. அவர்கள் ஞானஸ்நானம் பெறாதவர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்களுக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். கோயிலுக்குள் சாதி இல்லை என்று நம்பி அரசு அவளை விலக்கியது. கோயிலுக்குள்ளோ, வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த சுவர் 1910 வரை நின்றது. இடித்த பிறகும் பல ஊர்களில் கல்லறைகள் தனித்தனியாகவே இருந்தன.

பல்கலைக்கழக விடுதியில் ஒரே இரவில் பாமாவின் 'கருக்கு' படித்தேன். கன்னியர் மடத்தில் சேர்ந்து ஏழு ஆண்டுகளில் வெளியேறிய தலித் பெண் 1992இல் வெளியிட்ட தன்வரலாறு. அதாவது, நான் பீடத்துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதே அந்தப் புத்தகம் வந்துவிட்டது. பெண் என்பதற்காக மணியைத் தொட விடவில்லை என்று எனக்கு ஒரு கோபம் இருந்தது. மணியைத் தொட முடியாத எனக்கும் துடைப்பத்தைக் கீழே வைக்க முடியாத அவளுக்கும் இடையில் இருந்த தூரம் அந்த இரவில்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டையும் ஒரே கோபமாக்கி எழுதிவிடலாம்தான். அது அவளுக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

சிறுமியர் பீடப்பணி செய்யலாம், அந்தந்த ஆயர் முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்று ரோமையிலிருந்து கடிதம் வந்தது 1994 மார்ச்சில் என்று ஆய்வுக் காலத்தில் படித்தேன். நான் சிஸ்டரிடம் கேள்வி கேட்ட அதே ஆண்டு. எங்கள் பள்ளியில் யாரும் அதைச் சொல்லவில்லை. சக்ரீஸ்து சிஸ்டருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர் இருமிக்கொண்டே ஓய்வு பெற்றார்.

விழா மலர் வெளியீட்டுக்குப் போயிருந்தேன். பூசையில் வெள்ளை அங்கி போட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பீடத்தருகே நின்றாள். எழுந்தேற்றத்துக்குச் சரியாக மணி அடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை. பூசை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கைகொடுத்தேன். பேசிக்கொண்டே போர்டிங் பக்கம் நடந்தோம். முற்றம் சுத்தமாக இருந்தது.

"இதை யாரும்மா கூட்டுறாங்க?"

"போர்டிங் பிள்ளைங்க மேடம்."

"நீங்க?"

"நாங்க பூ வைப்போம்."