சர்க்கரையும் கடிகாரமும்

மாணவர்களே! வேதிவினை நிகழ்ந்தது என்று கூறுதல் எளிது. அதன் வேகத்தை அளத்தல் அரிது. கலவையில் சிறிது எடுத்துச் சோதிப்பதற்குள் வினை மேலே சென்றுவிடும். 1850-இல் ஜெர்மானியரான வில்ஹெல்மி இதற்கு வழி கண்டார். அமிலம் கலந்த கரும்புச் சர்க்கரைக் கரைசல், முனைவுற்ற ஒளியின் தளத்தை முதலில் வலப்புறம் திருப்பும். சர்க்கரை சிதையச் சிதைய அத்திருப்பம் குறைந்து, முடிவில் இடப்புறமாகும். கரைசலைத் தொடாமலே, கோணத்தை நோக்கி எஞ்சிய சர்க்கரையை அவர் கணக்கிட்டார்.

எஞ்சியது பாதியானால் வேகமும் பாதியாயிற்று. ஆகவே முதற்பாதி சிதைய ஒரு மணியாயின், மிச்சத்தில் பாதி சிதையவும் ஒரு மணியே. இரண்டு மணியில் முழுதும் தீரும் என்று விடைத்தாளில் எழுதியோர் பலரை யான் அறிவேன்! இதனையே முதல்வகை வினை என்கிறோம். நீரும் இதிற் பங்குகொள்கிறது. மிகுதியாய் இருத்தலின் அதன் குறைவு புலப்படுவதில்லை.

அக்காலத்தார் இவ்வாய்வைப் பொருட்படுத்தவில்லை. வில்ஹெல்மி 1864-இல் மறைந்தார். ஆஸ்ட்வால்டு அதனை உலகறியச் செய்தது அதற்குப் பின்னரே.