கடோத்கசனும் கேமராவும்

2008-இல் ‘கடோத்கச்’ என்ற அனிமேஷன் படம் வெளிவந்தபோது, அதன் இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ் எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். குழந்தைகளுக்கான படம், நாயகன் பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்த அரக்கப் பிள்ளை. அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன்பு மதராஸில் இதே கடோத்கசனை வைத்து ‘மாயா பஜார்’ எடுத்தார்கள். அந்தப் படப்பிடிப்பில் இயக்குநர் கே.வி. ரெட்டியிடம் உதவியாளராக வேலை பார்த்த இளைஞரும் இதே சீனிவாச ராவ்தான். பழைய படம் ஒன்றின் கதையைப் புதிய தலைமுறைக் குழந்தைகளுக்குச் சொல்ல வந்தவர், அந்தப் பழைய படத்தின் தளத்திலேயே நின்றவராக அமைவது அபூர்வம்.

கடோத்கசன் கதைக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்சிக் கலையில் புதுக் கருவி எது வந்தாலும், அதைக் கையில் எடுத்தவர்கள் சீக்கிரமே இந்த அரக்கனைத் தேடிப் போயிருக்கிறார்கள். மேடையில் கயிறும் திரையும், மௌனப் படத்தின் கேமரா, பேசும் படம், கணினியில் வண்ணம் ஏற்றும் வித்தை என்று ஒவ்வொரு படியிலும் அவன் பெயர் இருக்கிறது. அனிமேஷனும் அந்த வரிசையில் ஒரு படிதான்.

‘மாயா பஜார்’ கதை வியாச பாரதத்தில் கிடையாது. நாட்டார் வாயில் வளர்ந்தது. பலராமன் தன் மகளை அபிமன்யுவுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். பாண்டவர்கள் சூதில் எல்லாவற்றையும் இழந்து காட்டுக்குப் போனதும் பெண் வீட்டாரின் மனம் மாறுகிறது. துரியோதனன் மகன் லக்கணனுக்கு அவளைக் கட்டிவைக்க ஏற்பாடு நடக்கிறது. அபிமன்யு காட்டில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட அண்ணன் கடோத்கசனைச் சந்திக்கிறான். கடோத்கசன் தன் மாயத்தால் பெண்ணைத் தூக்கி வந்துவிட்டு, அவள் உருவத்தில் தானே கல்யாண வீட்டுக்குள் போய் உட்கார்ந்து கொள்கிறான். அரக்கன் மணப்பெண்ணாகிற இடத்தில் பயமும் சிரிப்பும் ஒன்றாகக் கலக்கின்றன. கதை இத்தனை மொழிகளில் உயிரோடிருப்பதற்கு அந்தக் கலவைதான் காரணம்.

தமிழ்ப் படத்தில் அந்த மணப்பெண் வத்சலா, தெலுங்கில் சசிரேகா, மராட்டியிலும் இந்தியிலும் சுரேகா. கர்நாடகத்து யட்சகானத்தில் இதே நிகழ்ச்சி ‘கனகாங்கி கல்யாணம்’ என்ற பெயரில் ஆடப்படுகிறது. தமிழ் நாடக மேடைக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் இதையே ‘அபிமன்யு சுந்தரி’யாக எழுதினார். ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

மாயத்தை மேடையில் காட்டுவதில் பெயர் பெற்றது சுரபி நாடகக் குழு. கடப்பை மாவட்டத்துச் சுரபி என்ற ஊரில் 1885-இல் வனாரச கோவிந்த ராவ் தொடங்கிய குடும்பக் குழு அது. பெண் வேடங்களுக்கு ஆண்களைத் தேட வேண்டியிருந்த காலத்தில், அந்தக் குடும்பத்துப் பெண்களே மேடையேறினார்கள். அவர்களின் ‘மாயா பஜா’ரில் ஆட்கள் பறந்தார்கள், பொருள்கள் தோன்றி மறைந்தன, எல்லாம் கயிற்றாலும் கைவேகத்தாலும் ஆனவை. கன்னட மேடையிலும் கண்ணை நிறைக்கும் இந்த ஆசை இருந்தது. குப்பி வீரண்ணாவின் குழு ‘குருக்ஷேத்திரம்’ நாடகத்தில் நிஜ யானைகளையும் குதிரைகளையும் மேடையில் நிறுத்தியது.

சினிமா வந்ததும் வேலை மேடையிலிருந்து கேமராவுக்கு மாறியது. கோல்ஹாப்பூரில் சொந்தமாகக் கேமரா செய்து படம் எடுத்த பாபுராவ் பெயின்டர், 1921-இல் ‘சுரேகா ஹரண்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். பின்னாளில் பெரிய இயக்குநராக வளர்ந்த வி. சாந்தாராம் அதில் கிருஷ்ணனாக நடித்துத்தான் திரைக்கு வந்தார். பேசும் படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே, 1935-இல் ஆர். பத்மநாபன் தமிழில் ‘மாயா பஜார்’ எடுத்தார். அடுத்த ஆண்டு தெலுங்கில் பி.வி. தாஸ் ‘சசிரேகா பரிணயம்’ எடுத்தார்.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது 1957-ஆம் ஆண்டுப் படத்தைத்தான். நாகி ரெட்டி, சக்கரபாணி இருவரின் விஜயா நிறுவனம் அதைத் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் தயாரித்தது. தெலுங்குப் படம் மார்ச் 27-இலும் தமிழ்ப் படம் ஏப்ரல் 12-இலும் வெளியாயின. இரண்டிலும் கடோத்கசன் எஸ்.வி. ரங்காராவ், கிருஷ்ணன் என்.டி. ராமராவ், மணப்பெண் சாவித்திரி. தமிழில் அபிமன்யு ஜெமினி கணேசன். லக்கணனாகத் தங்கவேலு வந்து சிரிக்க வைத்தார். தமிழ் வசனம் தஞ்சை ராமையாதாஸ்.

பாரதக் கதைதான், ஆனால் பாண்டவர் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தோன்றுவதில்லை. போர் இல்லை, கீதை இல்லை. ஒரு கல்யாண வீடு, அதைச் சுற்றிய பந்தா, சம்பந்தி மரியாதை, சாப்பாடு ஆகியவைதான் படம். ஏறி நிற்பவரை உண்மை பேச வைக்கும் சத்திய பீடம், அன்புக்குரியவரைத் தூரத்திலிருந்தே காட்டும் பெட்டி என்று விந்தைப் பொருள்கள் வருகின்றன. சகுனி அந்தப் பீடத்தில் ஏறித் தன் சூழ்ச்சியைத் தன் வாயாலேயே ஒப்பிக்கும் இடத்தில் வில்லத்தனமே நகைச்சுவையாகி விடுகிறது.

இவற்றையெல்லாம் காட்டியவர் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி. கணினி இல்லாத காலம். எந்த மாயமானாலும் செட்டிலேயோ கேமராவுக்குள்ளேயோ படச்சுருள் கழுவும் அறையிலேயோ செய்தாக வேண்டும். துவாரகை நகரத்தை ஐம்பதுக்கு அறுபது அடி இடத்தில் சுமார் 300 குட்டி வீடுகளாகக் கட்டிப் படம் பிடித்தார்கள். படகுப் பாட்டுக்கு அவர் உண்டாக்கிய நிலவொளி பல காலம் பேசப்பட்டது. கடோத்கசன் பந்தியில் தனியே உட்கார்ந்து, லட்டுகள் தாமாகப் பறந்து வாய்க்குள் போகும் ‘கல்யாண சமையல் சாதம்’ காட்சி இன்றைக்கும் குழந்தைகளை உட்கார வைக்கிறது.

படத்தின் பெரிய தந்திரம் கேமராவில் இல்லை, சாவித்திரியின் உடம்பில் இருந்தது. மணப்பெண் வேடத்தில் இருப்பது அரக்கன் என்று பார்ப்பவருக்குத் தெரியும், கல்யாண வீட்டாருக்குத் தெரியாது. நாணிக் குனிந்திருக்கும் பெண் சட்டென்று தோளை நிமிர்த்துகிறாள், பிறகு சுதாரித்துக் குழைகிறாள். மாப்பிள்ளையின் காலை ஓங்கி மிதிக்கிறாள். ரங்காராவின் நடையும் மிடுக்கும் அவளுடைய அசைவில் வந்து வந்து போகின்றன. 2013-இல் இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி சி.என்.என்.-ஐ.பி.என். தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படத்தை முதலிடத்துக்குக் கொண்டு போனவர்கள், சாவித்திரியின் இந்தக் காட்சிகளையும் மனதில் வைத்தே வாக்களித்திருப்பார்கள்.

பல மொழிகளில் வாழும் இந்தக் கதைக்கு, பல மொழிகள் கலந்த பெங்களூருவில் இரண்டு மூன்று வாசல்கள் இருந்தன. 1809-இல் ஆங்கிலேயர் கன்டோன்மென்ட் அமைத்தபோது மெட்ராஸ் படையோடும் அதன் வேலைகளோடும் தமிழர்கள் வந்து தங்கினார்கள். அப்படித் தமிழ் வேரூன்றிய கிழக்குப் பகுதியில், ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் பக்கத்தில் இருக்கிறது நீலசந்திரா. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் இடம். அங்குள்ள தமிழ்க் குடும்பத்துக்கு மாயா பஜார் தமிழ்ப் படம். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்குத் தெலுங்குப் படம். யட்சகானம் பார்த்து வளர்ந்த கன்னட நண்பருக்குக் கனகாங்கி கதை. தத்தம் மொழிக்குச் சொந்தமானது என்று மூவருமே உரிமையோடு சொல்லலாம்.

அனிமேஷன் விஷயத்தில் அந்த ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. 1960-களில் கன்னடத் திரைத்துறை டப்பிங் படங்களுக்கு எதிராகக் கிளம்பியது. அந்தத் தடைக்குச் சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அரை நூற்றாண்டு நின்றது. நடிகர் படத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை: வேற்று மொழிக் கதை பிடித்தால் கன்னட நடிகர்களை வைத்துத் திரும்ப எடுப்பார்கள். அனிமேஷன் படத்தை அப்படித் திரும்ப எடுக்க யாரும் செலவு செய்வதில்லை. குரலை மாற்றித்தான் அது ஊர் ஊராகப் போகும். ஆகவே தியேட்டரில் பெங்களூருக் குழந்தைகளுக்கு அனிமேஷன் படம் பெரும்பாலும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ தமிழிலோதான் கிடைத்தது. 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை முதலான அமைப்புகளுக்கு அபராதம் விதித்த பிறகே கட்டு தளர்ந்தது. 2017-இல் ‘என்னை அறிந்தால்’ படம் ‘சத்யதேவ் ஐ.பி.எஸ்.’ என்ற பெயரில் கன்னடம் பேசித் திரைக்கு வந்தது.

சிங்கீதம் இந்த மொழிச் சுவரை இதே ஊரில் வேறு வழியில் தாண்டியவர். 1982 முதல் நடிகர் ராஜ்குமாருக்குக் கன்னடத்தில் ‘ஹாலு ஜேனு’ உள்ளிட்ட படங்களை இயக்கினார். 1987-இல் கமல்ஹாசனை வைத்து, பெங்களூருவின் வின்ட்சர் மேனர் ஹோட்டலில் பெரும்பகுதியை எடுத்து, வசனமே இல்லாத ‘புஷ்பக விமானா’வைத் தந்தார். தமிழர்கள் அதைப் ‘பேசும் படம்’ என்ற பெயரில் பார்த்தார்கள். பேச்சே இல்லாத படத்துக்கு டப்பிங் எதற்கு? அதற்கடுத்து 1989-இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் கமலைக் குள்ள அப்புவாக நடமாட விட்டார். 1991-இல் ‘ஆதித்யா 369’-இல் கால எந்திரத்தை ஓட்டினார். பார்ட்லியின் காலத்துத் தந்திரங்களை அருகில் நின்று பார்த்தவருக்கு, கேமராவால் கண்ணைக் கட்டுவது விட்டுப்போகாத ஆசையாக இருந்தது.

அவர் அனிமேஷனுக்கு வந்த நேரமும் சரியாக இருந்தது. 2005-இல் வந்த ‘ஹனுமான்’ வெற்றி பெற்றதும் தயாரிப்பாளர்கள் புராணப் பிள்ளைகளைத் தேடத் தொடங்கினார்கள். 2007-இல் ‘பால கணேஷ்’ வந்தது. அதே ஆண்டு தமிழில் ‘இனிமே நாங்கதான்’ என்ற அனிமேஷன் படம் வந்தது. 2008-இல் ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் ‘சோட்டா பீம்’ தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. இந்த அலையில் ஷெமாரூ தயாரிப்பில் வந்தது ‘கடோத்கச்’. கதையும் இயக்கமும் சிங்கீதம். இசையிலும் அவர் கை இருந்தது.

அது 1957 படத்தைக் காட்சிக்குக் காட்சி திரும்பச் சொல்லவில்லை. பழைய படத்தில் முறுக்கு மீசையும் கதாயுதமுமாக வந்த அரக்கன் இதில் குழந்தையாகப் பிறந்து, குட்டி யானை ஒன்றைத் தோழனாக்கிக் கொண்டு, மாயத்தைப் பாடமாகக் கற்கிறான். சுரேகா - அபிமன்யு காதலும் கல்யாணக் குழப்பமும் பிற்பாடுதான் வருகின்றன. அன்றைய சந்தையும் அதைத்தான் கேட்டது. கிருஷ்ணனும் பிள்ளையாரும் பீமனும் சின்னப் பையன்களாகிக் கொண்டிருந்தபோது, பீமன் மகன் மட்டும் பெரியவனாக வந்திருக்க முடியாது.

கருவி மாறியதில் ஒன்று கைநழுவிப் போனது. கம்பி தெரியாமல் லட்டைப் பறக்க விடுவது 1957-இல் ஒரு சவால். பார்ப்பவர் வாயைப் பிளந்து, ‘எப்படிச் செய்தார்கள்?’ என்று கேட்டார். அனிமேஷனில் லட்டும் பறக்கும், மலையும் பறக்கும், யானையும் பறக்கும். அங்கே அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அதைவிடப் பெரிய இழப்பு மணப்பெண் காட்சியில். சாவித்திரி என்ற நிஜப் பெண்ணுக்குள் அரக்கன் எட்டிப் பார்த்ததால்தான் அது வேடிக்கை. அனிமேஷனில் அரக்கனும் ஓவியம், பெண்ணும் ஓவியம். ஒருவர் இன்னொருவராக மாறுவது அங்கே அன்றாட நடப்பு. குழந்தைப் பருவக் குறும்பும் யானை நட்பும் அந்த இடத்தை நிரப்ப வந்தவையே.

இரண்டே ஆண்டுகளில் பழைய படம் புது வேடத்தில் திரும்பியது. ஹைதராபாத்தின் கோல்டுஸ்டோன் டெக்னாலஜீஸ் கணினியில் வண்ணம் ஏற்றி, ஒலியைச் சீராக்கி, 2010 ஜனவரி 30-இல் தெலுங்கு ‘மாயா பஜா’ரை மறுபடி தியேட்டருக்கு அனுப்பியது. இம்முறை புதுக் கருவி கடோத்கசனைத் திரும்ப வரையவில்லை. ரங்காராவின் முகத்துக்கே நிறம் பூசியது. தாத்தா பாட்டிகள் பேரப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள்.

இதற்கிடையில் தென்னிந்திய அனிமேஷன் கலைஞர்கள் வெளிநாட்டுப் பேய்களுக்கும் உருவம் கொடுக்கக் கற்றுவிட்டார்கள். ஆஸ்கர் வைல்டு 1887-இல் எழுதிய ‘கான்டர்வில் பேய்’ ஒரு பழைய ஆங்கில மாளிகையில் நடக்கும் கதை. முந்நூறு ஆண்டுகளாக எல்லோரையும் நடுங்க வைத்த பேயால், புதிதாகக் குடிவந்த அமெரிக்கக் குடும்பத்தை மட்டும் பயமுறுத்த முடியவில்லை. அதன் சங்கிலிச் சத்தம் தாங்காமல் வீட்டுக்காரர் எண்ணெய் போடச் சொல்கிறார். 1944-இல் சார்லஸ் லாட்டன் பேயாக நடித்த இந்தக் கதை, 2023-இல் ஸ்டீபன் ஃபிரையின் குரலில் அனிமேஷன் படமானது. அந்தப் பிரிட்டிஷ் படத்துக்கு அனிமேஷன் செய்தது, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 1999-இல் தொடங்கப்பட்ட டூன்ஸ் நிறுவனம். தெனாலிராமனை அனிமேஷன் தொடராக்கிக் கார்ட்டூன் நெட்வொர்க்குக்குக் கொடுத்ததும் அவர்களே. அனிமேஷனில் வைல்டின் பேய்க்கு நஷ்டமில்லை; அதன் வேடிக்கை பேயின் வித்தையில் இல்லை, வித்தையைக் கண்டு யாரும் அசராததில் இருக்கிறது. கடோத்கசன் கதையில் வித்தை பலிக்க வேண்டும். கல்யாண வீட்டார் கடைசி வரை ஏமாந்தால்தான் சிரிப்பு.