உடுப்பி உணவகமும் ‘மதராசி’ என்னும் அடையாளமும்: பம்பாய், 1966–1968

ஒரு வட்டாரத்து மக்களை அவர்தம் உணவாலும் உடையாலும் சுட்டி எள்ளுவது தேர்தல் பரப்புரைக்குப் புதிதன்று. அவ்வெள்ளல் எவரைக் குறித்து எழுந்தது, எவர்மீது விழுந்தது என்பதைப் பம்பாய் நகரின் வரலாற்றில் ஈண்டு நோக்குவோம்.

1960 மே 1ஆம் நாள் பம்பாயைத் தலைநகராகக் கொண்டு மகாராட்டிர மாநிலம் அமைந்தது. எனினும், 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரில் மராத்தியரின் பங்கு ஏறத்தாழ 43 விழுக்காடே. வாணிகமும் முதலீடும் பெரிதும் குஜராத்தியர், பார்சியர் போன்றோர் கையில் இருந்தன. ஆங்கிலம் கற்ற தென்னிந்தியர் எழுத்தர், தட்டச்சர் பணிகளில் கணிசமாக இருந்தனர். கேலிச்சித்திரக் கலைஞரான பால் தாக்கரே 1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், நிறுவனங்களில் பணியாற்றிய தென்னிந்தியரின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. 1966 ஜூன் 19ஆம் நாள் சிவசேனை தோன்றியது. “லுங்கியை அகற்று” என்னும் பொருள்பட்ட முழக்கம் தெருவெங்கும் ஒலித்தது.

பூசல் அலுவலக வேலை பற்றியது; கல் விழுந்ததோ உடுப்பி உணவகங்களின்மீது. இம்முரண் தற்செயலானதன்று என்பது நம் கருத்து. அலுவலகத்தின் உள்ளே அமர்ந்திருக்கும் தட்டச்சரைத் தெருவில் செல்வோர் அறியார். உணவகமோ பெயர்ப்பலகையுடன் தெருவை நோக்கி நிற்கிறது. இட்லியும் தோசையும் அங்கே எவர் கண்ணிலும் படுகின்றன. வேலையின்மை என்னும் அருவமான குறைக்கு உணவு ஓர் உருவத்தைக் கொடுத்துவிட்டது எனலாம்.

ஆனால், அவ்வுணவகங்களை நடத்தியோர் பெரும்பாலும் தமிழரல்லர். துளு, கன்னடம், கொங்கணி பேசிய தென்கன்னட மாவட்டத்தினர். அம்மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது உண்மையே. ஆகவே, ‘மதராசி’ என்னும் சொல் அவர்களைப் பொறுத்தவரை பழைய ஆட்சி வரைபடத்தின் எச்சமாகும். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்னும் வேறுபாடுகளை அச்சொல் ஒரே தட்டில் இட்டு அழித்தது. இத்தாக்குதல்களைத் தமிழருக்கு எதிரானவை என்று மட்டும் நம்மவர் எழுதுவதும் அதே பிழையின் மறுபக்கமே. தமிழரும் துன்புற்றனர், தனியே அல்லர்.

1967 பொதுத்தேர்தலில் வடகிழக்குப் பம்பாயில் சுயேச்சையாக நின்ற வி.கே. கிருஷ்ண மேனனைச் சிவசேனை கடுமையாக எதிர்த்தது. கோழிக்கோட்டில் பிறந்த அவர் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர். பொதுவுடைமைக் கட்சியினரின் ஆதரவு பெற்றவர். காங்கிரசு வேட்பாளர் எஸ்.ஜி. பர்வே வென்றார். மறு ஆண்டு மாநகராட்சித் தேர்தலில் சிவசேனை 42 இடங்களைப் பெற்றது.

பிற்காலத்தில் உடுப்பிச் சிற்றுண்டிக்கு மாற்றாக வடாபாவ் கடைகளை அக்கட்சி ஊக்குவித்தது. 2009இல் ‘சிவ் வடா’ என்றே பெயரிட்டது. பாவ் ரொட்டி போர்த்துக்கீசியர் வழி வந்தது, உருளைக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்தது என்பது வேறு செய்தி. 1980களில் கட்சி இந்துத்துவத்தின் பக்கம் திரும்பியபோது தென்னிந்தியர் எதிர்ப்பு பின்தள்ளப்பட்டது. உடுப்பி உணவகங்களோ மாட்டுங்காவிலும் பிற பகுதிகளிலும் தொடர்ந்து நடந்தன. மராத்தியரும் அங்கு உண்டனர்.