கையுறைக்குள் ஒரு கையுறை

1950 ஜூன் 3. அன்னபூர்ணாவின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார் பிரெஞ்சு மலையேறி மொரீஸ் எர்சாக். 8,000 மீட்டரைத் தாண்டிய சிகரம் ஒன்றின் உச்சியை மனிதர்கள் எட்டியது அதுவே முதல் முறை. வழியில் முதுகுப்பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றினார். இரண்டும் பனிச்சரிவில் உருண்டு மறைந்தன. இப்படி ஏதாவது நேர்ந்தால் கையில் மாட்டிக்கொள்ளவென்றே ஒரு ஜோடி காலுறை பைக்குள் இருந்தது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் அது அவர் நினைவுக்கே வரவில்லை. வெறுங்கையோடு இறங்கினார். ஊர் திரும்பும் வழியிலேயே குழுவின் மருத்துவர் ழாக் ஊதோ அவருடைய விரல்களை வெட்டியெடுக்க நேர்ந்தது.

குளிர் கையைப் பிடிப்பது பெரும்பாலும் உறையைக் கழற்றும் அந்தச் சில நிமிடங்களில்தான். தடித்த உறையோடு முடிச்சு அவிழ்க்க முடியாது, தீக்குச்சி கிழிக்க முடியாது.

அண்டார்க்டிகாவில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர் ஆப்ஸ்லி செர்ரி-கேரார்ட். தென்துருவப் பயணத் தலைவர் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த அவரும் வில்சனும் பவர்ஸும் எம்பரர் பென்குயின் முட்டைகளைத் தேடி 1911 ஜூன் 27 அன்று புறப்பட்டார்கள். அங்கே அது நடுக்குளிர்காலம். பகலென்று ஒன்று கிடையாது. பயணத்தின் தொடக்கத்திலேயே, சுழியத்துக்குக் கீழே 44 டிகிரி செல்சியஸ் குளிரில், சறுக்குவண்டிக் கயிற்றை இழுக்க உறையிலிருந்து கையை வெளியே எடுத்தார். பத்து விரல்களும் உறைந்தன. ஓர் அங்குல நீளத்துக்குக் கொப்புளங்கள் எழும்பின. பிறகு அவற்றுக்குள் இருந்த நீரும் பனியானது. ஸ்காட் குழுவினர் ரோமத்தோல் உறைகளை விளக்குத்திரி நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். கழற்றினாலும் தொலையாது. எர்சாக்கிடம் அப்படி ஒரு நாடா இருந்திருக்கலாம்!

1953இல் எவரெஸ்ட் ஏறிய ஹில்லரியும் டென்சிங்கும் மூன்று அடுக்கு அணிந்திருந்தார்கள்: உள்ளே பட்டு, நடுவே கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் துணி. மேலுறையைக் கழற்றினாலும் தோல் வெளியே தெரியாது. அமெரிக்க ராணுவம் இதையே எளிமையாக்கியது. மேலே தோலுறை, உள்ளே தனியாகக் கழற்றக்கூடிய கம்பளி உறை. அந்தக் கம்பளி உறைக்கு இடது வலது கிடையாது; எந்தக் கையிலும் மாட்டலாம். ஒன்று கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கிடங்குக் கணக்கர் யாரோ யோசித்திருக்க வேண்டும்.

பழைய கம்பளியின் குறை அரிப்பு. 30 மைக்ரானைத் தாண்டிய இழை தோலைக் குத்தும். மெரினோ ஆட்டின் நல்ல இழையோ 17, 18 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் நான்கில் ஒரு பங்கு இருக்கும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. வியர்த்த கை சீக்கிரம் சில்லிடும் என்பதால் இந்தக் குணம் முக்கியம்.

ஸ்பெயின் இந்த ஆடுகளை நூற்றாண்டுகளாக நாட்டுக்கு வெளியே விடாமல் பொத்திவைத்திருந்தது. 1765இல் சாக்சனிக்கும் 1786இல் பிரான்ஸின் ராம்பூயேவுக்கும் மந்தைகள் போயின. 1797இல் தென்னாப்பிரிக்கா வழியாக ஆஸ்திரேலியாவில் கரையிறங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே இரத்தம் உதகைக்கும் வந்தது: கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோவும் வேறு சில சீமை இனங்களும் கலந்து பிறந்ததுதான் நீலகிரி ஆடு.

இன்று மலையேறிகள் வாங்கும் மெரினோ உள்ளுறையில் பெரும்பாலும் கொஞ்சம் நைலானும் கலந்திருக்கும். இழை மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் தேய்கிறது; முதல் ஓட்டை விழுவது பெருவிரலிலோ ஆள்காட்டி விரல் நுனியிலோதான்.