இளஞ்சிறாரை வயது வந்தோராக விசாரித்தல் (இந்தியா)

இளஞ்சிறாரை வயது வந்தோராக விசாரித்தல் என்பது, 18 வயது நிறைவடையாத ஒருவர் மீது சாட்டப்பட்ட குற்றத்தை, சிறாருக்கென அமைந்த நீதிமுறையின்படி அல்லாமல், வயது வந்தோருக்குரிய குற்றவியல் சட்டப்படி விசாரித்துத் தண்டனை வழங்குவதைக் குறிக்கும். ஜனவரி 15, 2016 அன்று நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 இந்தியாவில் இதற்கு வழி செய்கிறது. 16 வயது நிறைந்து 18 வயது நிறையாதோர் கொடிய குற்றம் செய்ததாகக் கூறப்படும் பொழுது மட்டுமே இது பொருந்தும்.

இச்சட்டத்தின்படி வயது மட்டும் இதனை முடிவு செய்வதில்லை. குற்றம் நடந்த நேரத்தில் அச்சிறாரின் மனமும் அறிவும் எந்நிலையில் இருந்தன என்று பின்னர் செய்யப்படும் முதற்கட்ட மதிப்பீடே முடிவு செய்கிறது. இச்சட்டம் குறித்த விவாதங்களில் பெரும்பகுதி இம்மதிப்பீட்டைச் சுற்றியே அமைந்துள்ளது.

வரலாறு

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இயற்றப்பட்ட சீர்திருத்தப் பள்ளிகள் சட்டங்கள் (1876, 1897) தண்டனை பெற்ற சிறுவர்களைச் சிறைக்கு மாற்றாகப் பள்ளிகளுக்கு அனுப்ப வகை செய்தன. சிறாரைத் தனியே விசாரிக்க வேண்டும் என்று 1919-20 இல் இந்தியச் சிறைகள் குழு பரிந்துரைத்தது. இதனைத் தொடர்ந்து சென்னை மாகாணம் 1920 இல் சிறார் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது ஆகும். வங்காளம் 1922 இலும் பம்பாய் 1924 இலும் இவ்வழியைப் பின்பற்றின.

விடுதலைக்குப் பின்னரும் சிறாருக்கான வயது வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. நாடு முழுமைக்கும் பொதுவாக 1986 இல் கொண்டுவரப்பட்ட இளஞ்சிறார் நீதிச் சட்டம் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என வயது வரம்பை வகுத்தது. ஆகையால் அக்காலத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் வழக்கமான குற்றவியல் நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டான்.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையை (1989) இந்தியா டிசம்பர் 11, 1992 அன்று ஏற்றுக்கொண்டது. இவ்வுடன்படிக்கை 18 வயதுக்கு உட்பட்டோரைப் பொதுவாகக் குழந்தைகள் எனக் கொள்கிறது. இதற்கு ஏற்ப இயற்றப்பட்ட 2000 ஆம் ஆண்டுச் சட்டம், இருபாலருக்கும் வயது வரம்பை 18 ஆக்கியது. எவ்வளவு கொடிய குற்றமாயினும், சிறார் ஒருவரைச் சிறப்பு இல்லத்தில் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு 3 ஆண்டுகளாக அமைந்தது.

2012 தில்லி வழக்கும் சட்ட மாற்றமும்

டிசம்பர் 16, 2012 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் 23 வயதுப் பெண் ஒருவர் கூட்டு வன்புணர்வுக்கும் கொடிய தாக்குதலுக்கும் ஆளாகிப் பின்னர் இறந்தார். கைது செய்யப்பட்ட அறுவருள் ஒருவர் 18 வயது நிறையாதவர். வயது வந்த ஐவருள் ஒருவர் 2013 இல் சிறையில் இறந்தார். மற்ற நால்வர் மார்ச் 20, 2020 அன்று தூக்கிலிடப்பட்டனர். இளஞ்சிறாரை விசாரித்த இளைஞர் நீதிக் குழுமம் ஆகஸ்ட் 31, 2013 அன்று அவருக்குச் சட்டம் அனுமதித்த உச்ச அளவான 3 ஆண்டுகளை விதித்தது.

சிறார் வயது வரம்பைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை இக்காலத்தில் வலுப்பெற்றது. எனினும் அப்போது இதனை ஆராய்ந்த அமைப்புகள் பலவும் இக்கோரிக்கையை ஏற்கவில்லை:

* நீதிபதி ஜே. எஸ். வர்மா குழு (ஜனவரி 2013) வயது வரம்பைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை.
* வயது வரம்பை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் ஜூலை 2013 இல் தள்ளுபடி செய்தது. சுப்பிரமணியன் சுவாமி உள்ளிட்டோர் தொடுத்த வழக்கிலும் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு மார்ச் 28, 2014 அன்று 18 என்ற வரம்பை உறுதி செய்தது.
* ஆகஸ்ட் 2014 இல் மேனகா காந்தி மக்களவையில் அறிமுகப்படுத்திய புதிய சட்டமுன்வரைவின் இப்பகுதியை, நாடாளுமன்ற மனிதவள மேம்பாட்டு நிலைக்குழு பிப்ரவரி 2015 இல் எதிர்த்தது.

மக்களவை மே 7, 2015 அன்று சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அது நிலுவையில் இருந்தபோது, டிசம்பர் 20, 2015 அன்று தில்லி வழக்கின் இளஞ்சிறார் விடுவிக்கப்பட்டார். இரண்டு நாட்களில், டிசம்பர் 22 அன்று, மாநிலங்களவையும் அதனை நிறைவேற்றியது. குற்றம் நடந்த காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டம் அனுமதித்ததை விடக் கூடுதலான தண்டனையை எவருக்கும் விதிக்க முடியாது என்று அரசியலமைப்பின் 20(1) ஆம் பிரிவு கூறுகிறது. ஆகையால் எந்த வழக்கு இச்சட்டத்துக்குத் தூண்டுதலாக அமைந்ததோ, அவ்வழக்குக்கு இச்சட்டம் பொருந்தவில்லை.

சட்டத்தின் அமைப்பு

2015 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றங்களை மூன்றாக வகைப்படுத்துகிறது.

* சிறு குற்றம்: உச்சத் தண்டனை 3 ஆண்டுகள் வரை.
* கடுங் குற்றம்: 3 ஆண்டுகளுக்கு மேல் 7 ஆண்டுகள் வரை.
* கொடிய குற்றம்: குறைந்த அளவுத் தண்டனையே 7 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல்.

கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16-18 வயதினர் மீதான நடவடிக்கை பின்வருமாறு அமையும்.

1. சிறார் முதலில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுவார். இதில் நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் இருப்பர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும்.
2. குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும் (பிரிவு 15). குற்றம் புரிவதற்கான உடல், மன ஆற்றல், விளைவுகளை உணரும் திறன், குற்றம் நடந்ததாகக் கூறப்படும் சூழ்நிலை ஆகியன இதில் ஆராயப்படும். இது விசாரணை அன்று எனச் சட்டமே விளக்குகிறது. இதனை மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும்.
3. வயது வந்தோராக விசாரிப்பது தேவை எனக் கருதினால், வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்குக் குழுமம் மாற்றும். இம்மதிப்பீட்டின் மீது அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.
4. வயது வந்தோராக விசாரிப்பது தேவையா என்பதைக் குழந்தைகள் நீதிமன்றமும் தானே முடிவு செய்யும் (பிரிவு 19).
5. தண்டிக்கப்பட்டவர் 21 வயது வரை பாதுகாப்பு இடத்தில் வைக்கப்படுவார். அதன் பின் அவர் திருந்தியுள்ளாரா என நீதிமன்றம் ஆராய்ந்து அவரை விடுவிக்கலாம். அல்லது எஞ்சிய காலத்துக்குச் சிறைக்கு அனுப்பலாம் (பிரிவு 20).

மரண தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத வாழ்நாள் சிறையோ எந்தச் சிறாருக்கும் விதிக்கக்கூடாது (பிரிவு 21). ஆனால் தண்டனையால் வரும் தகுதியிழப்பிலிருந்து மற்ற சிறாருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, வயது வந்தோராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவருக்குக் கிடைப்பதில்லை (பிரிவு 24). வேலைவாய்ப்பு முதலியவற்றில் இது அவரை வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும்.

எது கொடிய குற்றம்?

2016 இல் தில்லியில், 18 வயது நிறையச் சில நாட்களே இருந்த ஒருவர் ஓட்டிய மகிழுந்து மோதி ஒருவர் இறந்தார். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்னும் குற்றம் சாட்டப்பட்டது. இதன் உச்சத் தண்டனை கடுமையானது எனினும் குறைந்த அளவுத் தண்டனை எதுவும் அப்போதைய சட்டத்தில் இருக்கவில்லை. ஆகையால் இது மூன்று வகைகளுள் எதிலும் அடங்கவில்லை. இத்தகைய குற்றங்களைக் கொடிய குற்றமாகக் கொள்ளலாகாது, கடுங் குற்றமாகவே கொள்ள வேண்டும் என ஜனவரி 2020 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதனைச் சட்டத்திலேயே சேர்த்தது.

மே 2024 இல் புனேயில் 17 வயதுச் சிறுவர் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசு மகிழுந்து மோதி மென்பொருள் பொறியாளர் இருவர் இறந்தனர். கட்டுரை எழுத வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகக் கொண்டு முதலில் பிணை வழங்கப்பட்டது பெரும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. அவரை வயது வந்தோராக விசாரிக்கக் கோரிய காவல்துறையின் மனுவை இளைஞர் நீதிக் குழுமம் ஜூலை 2025 இல் நிராகரித்தது.

இவ்வரையறை எதிர்த்திசையிலும் செயற்படுகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 (போக்சோ) இன்படி 18 வயதுக்கு உட்பட்டவரின் இசைவு சட்டத்தின் கண்களில் இசைவு ஆகாது. ஊடுருவும் பாலியல் குற்றத்துக்கு அச்சட்டம் 7 ஆண்டுகளைக் குறைந்த அளவாக விதித்தது. 2019 இல் இது 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. ஆகையால் 17 வயதுப் பெண்ணைக் காதலித்து உடன்போன 17 வயதுப் பையனும், பெண்ணின் பெற்றோர் புகார் அளித்தால், கொடிய குற்றம் சாட்டப்பட்டவராகி மதிப்பீட்டுக்கு உட்படக்கூடும். வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது போக்சோ சட்டத்தின் நோக்கமன்று என ஜனவரி 2021 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது.

முதற்கட்ட மதிப்பீட்டின் சிக்கல்கள்

செப்டம்பர் 2017 இல் அரியானாவின் குருகிராமில் பள்ளி ஒன்றில் 7 வயது மாணவன் கொல்லப்பட்டான். மாநிலக் காவல்துறை முதலில் பேருந்து நடத்துநர் ஒருவரைக் கைது செய்தது. பின்னர் வழக்கை ஏற்ற நடுவண் புலனாய்வுத் துறை, அதே பள்ளியின் 16 வயது மாணவரைக் கைது செய்தது. நடத்துநர் விடுவிக்கப்பட்டார். மாணவரை வயது வந்தோராக விசாரிப்பதா என்ற கேள்வி மட்டுமே உச்ச நீதிமன்றம் வரை சென்று, முடிவடைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின.

இவ்வழக்கில் ஜூலை 13, 2022 அன்று அளித்த தீர்ப்பில், முதற்கட்ட மதிப்பீடு நுட்பமான பணி என உச்ச நீதிமன்றம் கூறியது. குழுமத்தில் குழந்தை உளவியல் அல்லது குழந்தை மனநல மருத்துவம் பயின்று தொழில் புரிபவர் இல்லாதபோது, வல்லுநர் உதவியைப் பெறுவது கட்டாயம் எனவும் தீர்ப்பளித்தது. சட்டத்தில் இது "பெறலாம்" என்ற அளவிலேயே இருந்தது. இதன் பின்னர் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 இல் மதிப்பீட்டுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மூன்று மாதக் காலவரம்பு கட்டாயமானதன்று என உச்ச நீதிமன்றம் மே 2024 இல் மற்றொரு வழக்கில் விளக்கியது.

தீர்ப்புகளுக்குப் பின்னும் இரு கேள்விகள் எஞ்சுகின்றன. மதிப்பீடு செய்யப்படுவது இன்றைய மனநிலை. அறிய வேண்டியது குற்றம் நடந்த நேரத்து மனநிலை. மேலும், "குற்றம் நடந்த சூழ்நிலை" பற்றிச் சிறாரிடம் கேட்கும் பொழுது, அவர் அக்குற்றத்தைச் செய்தார் என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. தான் குற்றமற்றவன் என்று கூறும் சிறாரிடம் இம்மதிப்பீட்டை எவ்வாறு செய்வது என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. இதே சட்டத்தின் 3 ஆம் பிரிவோ, குற்றமற்றவர் என்ற அனுமானத்தையே முதல் கோட்பாடாகக் கொண்டுள்ளது.

ஆதரவு வாதங்கள்

* 16 வயதைக் கடந்தவர் கொலை, வன்புணர்வு ஆகியவற்றின் விளைவை அறிவார். பிறந்த நாளுக்குச் சில நாட்கள் முன்னும் பின்னும் செய்த ஒரே குற்றத்துக்கு 3 ஆண்டுகளும் வாழ்நாள் சிறையும் என வேறுபடுவது நீதியாகாது.
* குற்றத்தின் அளவுக்கு ஏற்ப தண்டனை இருக்க வேண்டும் என்பது பாதிக்கப்பட்டோரின் உரிமை.
* தண்டனை குறைவு என்பதால் வயது வந்தோர் சிறாரைக் குற்றச் செயல்களில் ஈடுபடுத்துகின்றனர்.
* சட்டம் அனைத்துச் சிறாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்த பின்னரே மாற்றுகிறது.

எதிர் வாதங்கள்

* உந்துதலைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகள் இருபது வயதைக் கடந்தும் வளர்கின்றன. இவ்வயதினர் தூண்டுதலுக்கு எளிதில் ஆட்படுவர். திருந்தும் வாய்ப்பும் இவர்களுக்கே மிகுதி.
* சிறாரின் குற்றங்கள் மொத்தக் குற்றங்களில் சிறு பகுதியே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2013 இல் இது 1.2 விழுக்காடு. சிறார் மீது பதிவான வழக்குகள் 2021 இல் 31,170 ஆகவும் 2022 இல் 30,555 ஆகவும் இருந்தன.
* கடுமை குற்றத்தைக் குறைக்கும் என்பதற்குச் சான்று குறைவு. ஐக்கிய அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007 இல் வெளியான பொதுநல வல்லுநர் குழு அறிக்கை, வயது வந்தோர் நீதிமுறைக்கு மாற்றப்பட்ட சிறார் மீண்டும் குற்றம் புரிவது மற்றவர்களை விட ஏறத்தாழ 34 விழுக்காடு கூடுதல் எனக் கண்டு, இம்முறைக்கு எதிராகப் பரிந்துரைத்தது.
* 21 வயதில் சிறைக்குச் செல்பவர், பெருங் குற்றவாளிகளுடன் சில ஆண்டுகள் கழித்து, மீண்டும் அதே சமூகத்துக்கே திரும்புகிறார்.

வயதை மெய்ப்பித்தல்

பள்ளிச் சான்றிதழ், அஃதில்லையேல் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லையேல் எலும்பு வளர்ச்சிச் சோதனை என்ற வரிசையில் வயது உறுதி செய்யப்படும் (பிரிவு 94). சிறார் என்ற கோரிக்கையை வழக்கின் எந்நிலையிலும், இறுதித் தீர்ப்புக்குப் பின்னரும் கூட எழுப்பலாம். புனேயில் 1994 இல் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்று 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவர், குற்றம் நடந்தபோது 12 வயதினர் என்பது மெய்ப்பிக்கப்பட்டு, மார்ச் 2023 இல் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். ஆவணங்கள் குறைவாக உள்ள ஏழைக் குடும்பங்களின் சிறாருக்கு இக்கோரிக்கை எளிதானதன்று என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

பிற நாடுகளில்

* ஐக்கிய அமெரிக்கா: உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899 இல் சிகாகோவில் அமைந்தது. எனினும் பல மாநிலங்களில் சிறாரை வயது வந்தோர் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என 2005 இலும், விடுதலையற்ற வாழ்நாள் சிறையைக் கட்டாயத் தண்டனையாக விதிக்கக் கூடாது என 2012 இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
* இங்கிலாந்து: 1993 இல் 2 வயதுக் குழந்தையைக் கொன்ற 10 வயதுச் சிறுவர் இருவர் வயது வந்தோருக்கான நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். விசாரணையில் அவர்களால் முறையாகப் பங்கேற்க இயலவில்லை என்பதால் அது நியாயமானதன்று என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1999 இல் கூறியது.
* செருமனி: 14-17 வயதினர் எக்குற்றத்துக்கும் சிறார் சட்டப்படியே விசாரிக்கப்படுவர், உச்சத் தண்டனை 10 ஆண்டுகள். 18-20 வயதினருக்கும் அவர்தம் முதிர்ச்சியைக் கருதிச் சிறார் சட்டத்தைப் பயன்படுத்தலாம். இந்தியாவில் முதிர்ச்சி பற்றிய மதிப்பீடு சிறாரை வயது வந்தோராக்கப் பயன்படுகிறது. செருமனியிலோ வயது வந்தோரைச் சிறாராகக் கருதப் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கை
* கூர்நோக்கு இல்லம்
* போக்சோ சட்டம்
* நீதிபதி வர்மா குழு