மத்தியூ, கே. எம். (1930–2004)

கோயாப்பிள்ளில் மத்தாய் மத்தியூ, இயேசு சபைக் குரு. தாவர வகைப்பாட்டியல் அறிஞர். கேரளத்தவர், பணியாற்றியது பெரும்பாலும் திருச்சியிலும் கொடைக்கானலிலும்.

இயேசு சபையாரின் மதுரை மறைப்பணித் தளத்தில் செடிகொடிகளை ஆராயும் வழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் ஆங்கிலேட் அடிகளார் பழனிமலைப் பூக்களை வண்ணத்தில் தீட்டினார். ஃபோரோ அடிகளார் மாஸ் (moss) வகைப் பாசிகளைத் தொகுத்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் மத்தியூ தொடங்கிய ஹெர்பேரியம் (உலர்தாவரத் தொகுப்பகம்), மூத்த குரு ராபினாட்டின் பெயரைத் தாங்கியது. கொடைக்கானலின் அயல்நாட்டுத் தாவரங்கள் பற்றிய அவரது நூல் 1969இல் வந்தது.

அவரது பெரும்பணி ‘தமிழ்நாடு கர்நாடகத் தாவரவளம்’. இதில் கர்நாடகம் என்பது அண்டை மாநிலமன்று. கிழக்குச் சமவெளியும் சேர்வராயன், கொல்லிமலை, பச்சமலை போன்ற உதிரி மலைகளும் சேர்ந்த பழைய நிலப்பகுதி. அதுவரை ஆய்வாளர்களுக்குத் துணையாக இருந்தது, கேம்பிள் தொடங்கி ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல். அதில் படங்கள் கிடையா. மத்தியூவின் குழுவினர் ஊர் ஊராகச் சென்று, செடியைப் பூவும் காயுமாகப் பறித்து, செய்தித்தாள் மடிப்பில் அழுத்தி உலர்த்தி, கெட்டித்தாளில் ஒட்டினர். பறித்த இடமும் நாளும் சீட்டில் ஏறின. உலர்ந்தபின் மறையும் பூவின் நிறத்தை அங்கேயே குறிப்பது முறை. ஓவியர்கள் பூவைப் பிரித்து இதழ், மகரந்தத்தாள், சூலகம் எனத் தனித்தனியே மையால் வரைந்தனர். அந்தக் கோட்டோவியங்களுக்காகவே இத்தொகுதிகளை எடுத்துப் புரட்டலாம். தரவுத் தொகுதி 1981இலும், படத்தொகுதி 1982இலும், மூன்று பகுதிகளாலான மூலநூல் 1983இலும், மேலதிகப் படங்கள் 1988இலும் வெளிவந்தன.

அதே முறையில் பழனிமலைத் தாவர நூல் 1999இல் வந்தது. அம்மலைப் புல்வெளிகள் இயற்கையானவையா, தீயும் மேய்ச்சலும் சோலைக்காடுகளை அழித்ததால் உண்டானவையா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது. அவை மிகத் தொன்மையானவை என்பதற்கே அண்மைக்கால மகரந்தச் சான்றுகள் சாய்கின்றன. சீகை (வாட்டில்), தைலமரம், பைன் ஆகியவை புல்வெளிகளை விழுங்கியதில் ஐயமில்லை. 1985இல் அமைந்த பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்திலும் மத்தியூ ஈடுபட்டார். செண்பகனூரில் ஆங்கிலேட் பெயரால் இயற்கை வரலாற்று நிறுவனம் ஒன்றையும் நிறுவினார்.

2004இல் காலமானார். ராபினாட் ஹெர்பேரியம் தொடர்ந்து இயங்குகிறது.