திறந்த மூல மென்பொருளும் காவலின்றிக் கிடக்கும் கதவுகளும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி மூதூர், கிண்ணியா உள்ளிட்ட திருகோணமலைக் கரையோரத்தைச் சுனாமி சூறையாடிய சில நாட்களிலேயே, கொழும்பில் தன்னார்வ மென்பொருளாளர்கள் 'சஹானா' எனும் நிவாரண முகாமைத்துவ மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்த அம்மென்பொருளின் மூலக் குறிமுறையை எவரும் படிக்கலாம், திருத்தலாம். 2005 பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் அது கைகொடுத்தது.

இத்தகைய மென்பொருள்களில் சேர்வன பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் போன்றவை. எவர் எந்த முகாமில் இருக்கின்றார் என்ற பட்டியல் பிறர் கைக்குப் போனால் என்ன நேரும் என்பதை, யுத்தகாலத்தைக் கண்ட எமது மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பலரும் பார்க்கும் குறிமுறையில் பிழை தங்காது என்பர். பார்க்கலாம் என்பதும் பார்த்தார்கள் என்பதும் ஒன்றல்ல. ஜாவா மென்பொருள்களின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் 'லொக்4ஜே' எனும் சிறு பாகத்தில் 2021 டிசம்பரில் பாரிய ஓட்டை வெளிப்பட்டபோது, அப்பாகம் தம்மிடம் எங்கெங்கு உள்ளது என்பதையே பல நிறுவனங்கள் அறிந்திருக்கவில்லை. 2024 மார்ச்சில் 'எக்ஸ்இசட்' பாகத்தில் சிக்கியதோ பிழையன்று, சதி. ஈராண்டுக்கு மேலாக உதவி நம்பிக்கை பெற்ற ஒருவரே இரகசிய வழியை நுழைத்திருந்தார். கணினியில் உட்புகுவதற்கு அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்த ஒரு பொறியியலாளராலேயே அது அம்பலமாயிற்று.

உள்நாட்டு அனுபவமும் உண்டு. 2005 இல் இலங்கையில் தோன்றி உலகெங்கும் வாடிக்கையாளரைப் பெற்ற டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் திறந்த மூல மென்பொருள்களில், கடவுச்சொல்லின்றியே கோப்பொன்றைப் பதிவேற்றி வழங்கியைக் கைப்பற்றும் ஓட்டை காணப்பட்டது. அபாய அளவு 10 இற்கு 9.8. 2022 பெப்ரவரியில் திருத்தம் தயாராகிவிட்டது. ஏப்ரலில் விபரம் பகிரங்கமானது. திருத்தத்தை நிறுவாதோரின் வழங்கிகளே அதன் பின்னர் தாக்குதலுக்கு இலக்காகின.

துறைமுகத்தில் சரக்குப் பட்டியலின்றி எந்தக் கப்பலும் பொருள் இறக்குவதில்லை. மென்பொருளுக்கும் அத்தகைய பட்டியல் வேண்டும்: எந்தப் பாகம், எந்தப் பதிப்பு, எங்கிருந்து பெறப்பட்டது. புதிய ஓட்டை பற்றிய அறிவித்தல் வரும்போது அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பொறுப்பான ஒருவரும் வேண்டும். நன்கொடைத் திட்டங்களால் கிடைக்கும் மென்பொருள்கள், திட்டம் முடிந்ததும் அநாதையாகிவிடுவதே இங்குள்ள பெருங்குறை. கச்சேரியோ, வைத்தியசாலையோ, தொண்டு நிறுவனமோ, மென்பொருளைப் பொறுப்பேற்கும் முன்னரே, திருத்தங்களை எவர், எத்தனை ஆண்டுகளுக்கு நிறுவுவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டும்.